பெலவேந்திரனுக்குப் பிரேக் பிடிக்காத காலம்

பெலவேந்திரனுக்குப் பிரேக் பிடிக்காமல் போனது, அவர்களுடைய பழைய காரை விற்ற வாரத்து ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து சனம் கோவிலை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தபோது. படியிறங்கியவர் கொடிமரத்தைத் தாண்டினார், செருப்பு விட்டிருந்த இடத்தைத் தாண்டினார், அவருடைய மனைவி ஜெனோவா பக்கத்து வீட்டு மெற்றில்டாவோடு நின்று பேசிக்கொண்டிருந்த வேப்பமரத்தைத் தாண்டினார், கேட்டையும் தாண்டி வெறுங்காலோடு தெருவில் இறங்கி நடந்தார். "ஏங்க, செருப்பு!" என்று ஜெனோவா கத்தினாள். "நிக்க முடியலை ஜெனோ" என்று அவர் திரும்பிப் பார்க்காமல், பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். தெருமுனையில் தேவசகாயம் அண்ணாச்சி கடை வாசலில் அடுக்கியிருந்த உப்பு மூட்டைகளில் போய் நெஞ்சு முட்டிய பிறகுதான் நின்றார்.

அண்ணாச்சி தராசை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "என்ன ஓய், பிரேக் பிடிக்கலையா?"

வேடிக்கைக்குத்தான் கேட்டார். பெலவேந்திரன் மூட்டையில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு, மூச்சு வாங்க, "ஆமா அண்ணாச்சி, அதேதான்" என்றார்.

அன்றைக்கு வைத்த பெயர்தான். பெரிய டாக்டர் கால் இரண்டையும் சுத்தியலால் தட்டி, நரம்பையெல்லாம் படம் எடுத்துப் பார்த்து, ஒரு கோளாறும் இல்லை, எதற்கும் காப்பியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிய பிறகும், அதைவிடப் பொருத்தமான பெயர் யாருக்கும் கிடைக்கவில்லை. அவர் உட்கார்ந்தால் உட்கார்ந்திருப்பார், படுத்தால் படுத்திருப்பார். நடக்கத் தொடங்கிவிட்டால் மட்டும் எதிலாவது போய் முட்டுகிற வரைக்கும் நடப்பார். இடம் வலம் திரும்ப முடிந்தது. நிறுத்த முடியவில்லை.

அந்தக் காருக்கும் இதேதான் இருந்தது. காப்பிப்பொடி நிறம், உப்புக் காற்றில் கதவோரமெல்லாம் துரு, மற்றபடி பார்வைக்கு லட்சணமான வண்டி. மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிவிட்டு, திடீரென்று ஒருநாள், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, பிரேக் மிதி சோற்றில் கால் வைத்த மாதிரி தரைவரைக்கும் போய்விடும். பிறகு தானாகவே சரியாகிவிடும். எத்தனையோ மெக்கானிக் பார்த்தார்கள், எதை எதையோ மாற்றினார்கள். கடைசியாக ரயில்வே மேம்பாலத்து இறக்கத்தில், முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு ஒரு ஆட்டோ போய்க்கொண்டிருக்க, மிதி தரைக்குப் போனது. பெலவேந்திரன் வண்டியைப் பாலத்துச் சுவரோடு ஒட்டி உரசி, இடது பக்கம் முழுவதும் தீப்பொறி பறக்க, ஆட்டோவுக்கு ஒரு முழம் பின்னால் கொண்டு வந்து நிறுத்தினார். பக்கத்து இருக்கையில் ஜெனோவா இருந்தாள். அந்த ஆட்டோவின் பின்பக்கத்தில் தொங்கிய தண்ணீர் பாட்டில்களின் நிறம்கூட அவளுக்கு மறக்கவில்லை.

"வித்துருவோம்" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"விக்கலாம். வாங்குறவன்கிட்ட விஷயத்தைச் சொல்லித்தான் விக்கணும்."

"கோளாறைச் சொல்லி எவன் வித்தான்? நமக்கு வித்தவன் சொன்னானா? நீங்க வாயை மூடிக்கிட்டு சும்மா இருங்க, நான் பேசிக்கிறேன்."

அவள்தான் பேசுவாள், எப்போதும். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். வாயைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லும் கஞ்சி போட்டுத் தேய்த்த துணி மாதிரி விறைப்பாக வந்து விழும். பொறுமையை மட்டும் அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அல்லது சொல்லிக்கொடுத்த அன்றைக்கு அவள் லீவு. பெலவேந்திரன் துறைமுகத்துப் பக்கம் வலை, கயிறு, நங்கூரம் விற்கிற கடையில் கணக்குப் பார்த்தார். கடையிலும் வீட்டிலும் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி. அந்த வீட்டில் வண்டி ஓட்டுவது அவர், வாய் ஓட்டுவது அவள் என்று தெருவில் சொல்வார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள்.

உரசிய பக்கத்துக்குப் பெயிண்ட் அடித்து வைத்தார்கள். வாங்க வந்தவன் முத்தையாபுரத்து உப்பளம் ஒன்றில் மேஸ்திரி, பொன்னிசக்கி என்று பெயர். மனைவி தங்கபுஷ்பத்தையும் கைப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தான். வண்டியைத் தெருவுக்கும் கடற்கரைக்கும் ஓட்டிப் பார்த்தான். அன்றைக்கு அது சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தையாக நடந்துகொண்டது. ஆனாலும் அவன் சாவியை வாங்கவில்லை. அந்தப் பக்கத்து உப்பளச் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து மாடு வாங்கினாலும் வண்டி வாங்கினாலும் பெண் எடுத்தாலும் ஆம்பிளை பேச்சை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டுக்காரி வாசலில் நின்று, வாங்குகிற வீட்டுப் பெண்ணின் கையில் ஒரு கரண்டி சீனியைப் போட்டு, தன் வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குமேல் எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா" என்றான் பொன்னிசக்கி. "வண்டில ஏதும் குறை இருக்கா?"

பெலவேந்திரன் முற்றத்துக் குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டேயிருந்தார். ஜெனோவா உள்ளே போய்ச் சீனி எடுத்து வந்து தங்கபுஷ்பத்தின் கையில் போட்டாள்.

"ஒரு குறையும் கிடையாது தம்பி. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்."

முதல் வாக்கியமே போதும். இரண்டாவதை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

ஒரு மனிதர் நிற்க முடியாமல் நடக்கிறார் என்றால் மற்ற ஊர்களில் என்ன செய்வார்களோ தெரியாது, அந்தத் தெருவில் அதற்கு ஏற்பாடு செய்தார்கள். கயிற்றுக் கடை முதலாளி, படகு வந்து அணையும்போது மோதாமல் இருக்கத் துறைமுகச் சுவரில் தொங்கவிடுகிற மாதிரி, தன் கடைச் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு லாரி டயரைத் தொங்கவிட்டார். காலையில் பெலவேந்திரன் வந்து அதில் முட்டி நின்று, வணக்கம் சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கணக்கை எடுப்பார். அதைப் பார்த்து அண்ணாச்சி தன் கடைக்கு ஒரு டயர் கட்டினார். பிறகு சலூனில் ஒன்று, ரேஷன் கடையில் ஒன்று, வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒன்று என்று, அவர் நிற்கவேண்டிய இடத்திலெல்லாம் டயர் தொங்கியது. புதிதாக ஊருக்கு வருகிறவர்கள் இந்தத் தெருவில் இத்தனை டயர்க்கடையா என்று கேட்டார்கள். டயர் இல்லாத இடத்தில் யாராவது ஒருவர் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நிற்பார், பெலவேந்திரன் அவர் நெஞ்சில் போய் முட்டுவார், இருவரும் அப்படியே நின்று நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள். பேசி முடிந்ததும் முன்னால் நின்றவர் வழிவிடுவார். பேச்சுவார்த்தையில்லாமல் இருந்த பங்காளி ஒருவர்கூட, வேறு ஆளில்லாத ஒரு மத்தியானத்தில், அப்படிக் கை விரித்து நிற்க வேண்டிவந்து, பழைய மனஸ்தாபத்தை மறந்தார்.

கவுன்சிலர் வந்து பார்த்துவிட்டு ஒரு வேகத்தடை போட்டுக் கொடுத்தார். பெலவேந்திரன் அதில் ஏறி இறங்கிப் போனார். மற்றபடி தெருவில் பறக்கிற பைக் பையன்களை மட்டுப்படுத்த அது உதவியது.

கோவிலில் நற்கருணை வாங்க வரிசையில் போனால் நிற்க முடியாதே என்று அவர் பின்வரிசையிலேயே உட்கார்ந்துவிடப் பார்த்தார். பங்குச் சாமியார் விடவில்லை. பெலவேந்திரன் நடுவழியில் நடந்து வர, சாமியாரும் பீடத்தை விட்டு இறங்கி, அவரோடு தோளோடு தோளாக நடந்து, பக்கவாசல் வரைக்கும் போய், நடந்துகொண்டே நாக்கில் வைத்தார். முதல் வாரம் சனம் திரும்பிப் பார்த்தது. அடுத்த வாரம் பார்க்கவில்லை. அதற்கடுத்து, அண்ணன் எப்படியும் அந்தப் பக்கம்தானே போகிறார் என்று, தூக்குச்சட்டியும் மருந்துச் சீட்டும் கல்யாணப் பத்திரிகையும் அவரிடம் கொடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். ஜெனோவாவும் கொடுத்தாள். அவள் தங்கச்சி வீடு கடற்கரைச் சாலையில் இருந்தது. மீன்குழம்பு ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் பொன்னிசக்கி போன் பண்ணினான்.

"அக்கா, சும்மா ஒரு நன்றி சொல்லத்தான். வண்டி ராசாத்தி மாதிரி இருக்கு. பிரேக்கு இருக்கே, அடடா! நேத்து பாதையில ஒரு ஆட்டுக்குட்டி குறுக்க வந்துச்சு. லேசாத்தான் தொட்டேன், ஆணி அடிச்ச மாதிரி நின்னுட்டு. எங்க மெக்கானிக்கே அசந்துட்டான், இந்தக் காலத்து வண்டிலகூட இப்படி ஒரு பிரேக்கைப் பார்த்ததில்லைங்கான். நீங்க சொன்ன வார்த்தை பொன்னான வார்த்தைக்கா."

"சந்தோஷம் தம்பி" என்று ஜெனோவா போனை வைத்தாள். கூடத்தில் பெலவேந்திரன் டயரில் முட்டி நின்றுகொண்டிருந்தார்.

காரின் கோளாறு எங்கே போயிற்று என்று தெருவுக்கு முன்பே தெரிந்திருந்தது. இப்படிப்பட்ட விஷயம் தெருவில் கடைசியாகத் தெரிய வருவது சம்பந்தப்பட்ட வீட்டுக்குத்தான். சாயங்காலம் ஜெபமாலை முடிந்து பெண்கள் கோவில் முற்றத்து மாதா கெபிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது மெற்றில்டா போட்டு உடைத்தாள்.

"ஏட்டி ஜெனோவா, கார்ல இருந்த கோளாறு கார்லதானே போயிருக்கணும்? நீ இல்லைன்னு சொல்லிட்டே. இல்லைன்னு சொன்ன இடத்துல அது எப்படி இருக்கும்? இறங்கிட்டு. இறங்கினது எங்க போகும், ஓட்டினவர் காலுக்குத்தான் வந்துருக்கு."

"பொய் சொன்னது நான். வந்தா எனக்குல்லா வரணும்?"

"நீயா வண்டி ஓட்டினே?"

பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. "போய் உள்ளதைச் சொல்லிரு, அது வந்த வழியே போயிரும்" என்றாள் ஒருத்தி. "எந்த வழி? அந்தக் காருக்கா? அதுல குடும்பம்லா ஏறிப் போகுது" என்றாள் இன்னொருத்தி. ஜெனோவா அதைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா ஓடுற வண்டியை நானே போய்க் கெடுக்கணுமா? ஒரு பாவம் பண்ணிட்டேன்னு இன்னொண்ணு பண்ணவா? நல்ல நியாயம் பேசுதீங்க எல்லாரும்" என்று சேலையை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். நியாயம் அவள் பக்கம்தான் இருந்தது. அதனால்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். அடுத்தவரை ஏமாற்றினேன் என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தாள், சாமியார் என்ன ஏது என்று கேட்டதும் முழுவதையும் சொன்னாள். அவர் பாவத்தை மன்னித்தார். அவள் வெளியே ஓடிவந்து பார்த்தால் பெலவேந்திரன் கோவிலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். திரும்ப உள்ளே போய்ச் சாமியாரிடம் சண்டைக்கு நின்றாள்.

"சொல்லிட்டேனே சாமி. அப்புறமும் ஏன் அவருக்குக் கால் நிக்கலை?"

"ஆண்டவர்கிட்ட நீ சொல்லிட்டம்மா, அவரும் மன்னிச்சுட்டாரு" என்றார் சாமியார். "ஆனா உன்கிட்ட கார் வாங்கினது அவரில்லையே."

பெலவேந்திரனும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் கடைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், உப்பளத்துச் சாலை வழியே நேராக முத்தையாபுரம் வரைக்கும் நடந்து, பொன்னிசக்கியின் வீட்டைக் கடக்கும்போது, "தம்பி, அந்த வண்டில பிரேக் சரியில்ல!" என்று உரக்கச் சொன்னார். பொன்னிசக்கி செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவர் கூடவே ஓடி வந்து, "அண்ணாச்சி, உங்க நிலைமையைக் கேள்விப்பட்டேன். வெயில்ல அலையாதீங்க" என்று குடிக்கக் கொடுத்தான். பெலவேந்திரன் நடந்துகொண்டே குடித்து, நடந்துகொண்டே செம்பைத் திருப்பிக் கொடுத்து, ஊரைச் சுற்றித் திரும்பி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து கூடத்து டயரில் முட்டினார். ஜெனோவா அவர் பாதத்துக்கு எண்ணெய் தடவினாள். தோல் உப்பில் வெடித்திருந்தது.

"நான் சொன்னா எடுபடலை ஜெனோ" என்றார். "அன்னைக்குச் சொன்னது என் வாய் இல்லையே."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அந்த மனிதருக்குக் குத்திக்காட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் அவள் எத்தனையோ பதில் வைத்திருந்தாள்.

பிறகு டயர்கள் பற்றாமல் போயின. முட்டினால் நிற்பவர், முட்டிய பிறகும் கால் மட்டும் நடந்துகொண்டேயிருக்க, டயரில் நெஞ்சை வைத்தபடி நின்ற இடத்திலேயே தரையைத் தேய்த்தார். கூடத்துச் சிமெண்டில் இரண்டு பள்ளம் விழுந்தது. சாப்பிடும்போது மேசைக்கு அடியில் கால் நடந்தது. படுத்தால் போர்வைக்குள் நடந்தது. ஒருநாள் சாயங்காலம், தங்கச்சி வீட்டுக்குக் குழம்பு கொண்டுபோனவர், அங்கே கை விரித்து நிற்க ஆளில்லாமல், கடற்கரைச் சாலையைக் கடந்து, மணலைக் கடந்து, தூக்குச்சட்டியோடு கடலுக்குள் இறங்கினார். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்து, கழுத்தளவுத் தண்ணீரில் போய்ப் பிடித்து, இடுப்பில் கயிறு கட்டி, படகு இழுக்கிற மாதிரி இழுத்துக் கொண்டுவந்தார்கள். ஜெனோவா ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவரை மணலில் மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்கள். கால் இரண்டும் வானத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தன. சுற்றி நின்றவர்கள், இனிமேல் சாயங்காலத்தில் இந்தப் பக்கம் இரண்டு பேர் எப்போதும் நிற்க வேண்டும், சனிக்கிழமை யார், கடலுக்குப் போகாத நாளில் யார் என்று, திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவர்கள் மாதிரி நிதானமாகப் பேசிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெனோவாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது. கடலைப் பார்த்து வரவில்லை, அவர்களைப் பார்த்து வந்தது. இவர்கள் இதைச் சாகும்வரைக்கும் செய்வார்கள். முகம் சுளிக்காமல் செய்வார்கள். டயர் கிழிந்தால் புது டயர் மாட்டுவார்கள். என்றைக்காவது ஒருநாள் ஒருவனுக்குக் காய்ச்சல் வரும், ஒருவன் கல்யாணத்துக்குப் போயிருப்பான், அந்த ஒரு சாயங்காலம் போதும். அதற்குப் பிறகு அவர் பெட்டிக்குப் போட மாலையும் இவர்களே வாங்கி வருவார்கள். அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில், லாரி போகாத உப்பளத்து வரப்புச் சாலையில் அவரை நடக்கவிட்டு, தேவசகாயம் அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டு, குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். ஜெனோவா முத்தையாபுரம் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் வழியாக, வெள்ளை வெளேரென்ற பாத்திகளுக்கு நடுவே, குடையும் இரண்டு தலைகளும் சின்னதாகத் தெரிந்தன. வண்டி வீட்டில் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கண்டக்டர் சில்லறை தேட நேரமெடுத்தபோது அவனைத் திட்டவில்லை.

பொன்னிசக்கி வீட்டு வாசலில் கார் குளித்துப் பொட்டு வைத்து நின்றது. பிள்ளைக்குக் காது குத்தக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பின்சீட்டில் தங்கபுஷ்பம் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் புதுச்சட்டை போட்ட பிள்ளை. பொன்னிசக்கி ஓட்டுகிற இடத்தில் ஏறி அப்போதுதான் சாவியைப் போட்டான்.

"தம்பி, ஸ்டார்ட் பண்ணாதீங்க!"

"அக்கா! வாங்க வாங்க. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. முன்னாடி ஏறுங்க, நம்ம பிள்ளைக்குக் காதுகுத்து."

"நான் ஏறுறதுக்கு வரலை. ஒரு விஷயம் சொல்ல வந்தேன். இந்த வண்டில பிரேக் கொஞ்சம் கோளாறா இருந்துச்சு. எங்களுக்கு அப்பச் சரியாத் தெரியலை. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

பொன்னிசக்கி சிரித்தான். மிதியை அழுத்திக் காட்டினான். கல்லை மிதித்த மாதிரி நின்றது. "அக்கா, அன்னைக்கு நிஜத்தைச் சொன்னீங்க. இன்னைக்கு வந்து பொய் சொல்லுதீங்களே. வித்த பிறகு வண்டி மேல ஆசை வந்துட்டோ? திருப்பிக் கேக்கணும்னா நேராக் கேளுங்க, நான் தர மாட்டேன்."

தங்கபுஷ்பமும் சிரித்தாள். ஜெனோவா நினைத்தால் அங்கேயே திரும்பியிருக்கலாம். சொல்லியாயிற்று, அவர்கள் நம்பவில்லை, அவள் என்ன செய்வாள் என்று தெருவில் போய்ச் சொல்லலாம். ஒருவரும் குறை சொல்ல முடியாது. திரும்பவும் செய்தாள், கேட் வரைக்கும் போனாள். கேட்டுக்கு அப்பால் உப்பளம். அவ்வளவு தூரத்தில் குடை தெரியவில்லை, ஆனால் எந்தப் பக்கம் என்று தெரிந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பி வந்து, கார்க் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, இருவரின் முகத்தையும் பார்த்துப் பேசினாள். விறைப்பான சொல் ஒன்றுகூட வரவில்லை.

"எனக்குத் தெரியும் தம்பி. இப்பச் சொன்னேனே, சரியாத் தெரியலைன்னு, அதுவும் பொய். பாலத்து இறக்கத்துல பிரேக் போச்சு, நான் பக்கத்துல இருந்தேன். முன்னால ஒரு ஆட்டோ நிறைய பிள்ளைங்க. அவர் எப்படியோ சுவர்ல ஒரசி நிறுத்தினார். வாங்குறவங்ககிட்டச் சொல்லிருவோம்னு அவர் சொன்னார். நான்தான் வேண்டாம்னேன். அன்னைக்கு நீங்க வந்து நின்னப்ப உங்க பொண்டாட்டி இடுப்புல பிள்ளை இருந்துச்சு. அதையும் பார்த்தேன். பார்த்துக்கிட்டேதான் சீனியைப் போட்டேன். கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்னு சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

ஓட்டுகிற இடத்திலிருந்து, தண்ணீர் உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பொன்னிசக்கியின் கால் மிதியோடு தரைவரைக்கும் இறங்கியிருந்தது. அவன் எடுத்து மறுபடி அழுத்தினான். இறங்கியது. மறுபடியும் அழுத்தினான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டுப் போனது.

அவன் இறங்கினான். பின்கதவைத் திறந்தான். தங்கபுஷ்பத்தின் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கி, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, காரை விட்டு விலகி, வாசல் தாண்டி, வீட்டுக்குள் வரைக்கும் கொண்டுபோனான்.

"வண்டியை நாங்களே எடுத்துக்கிறோம்மா. நீங்க குடுத்தது அப்படியே வந்துரும், இன்னைக்கே" என்றாள் ஜெனோவா.

தங்கபுஷ்பம் காரிலிருந்து இறங்கி, பட்டுச்சேலையின் மடிப்பைச் சரிசெய்தாள். அவள் கை சரிசெய்துகொண்டே இருந்தது. "அனுப்பி வைங்க" என்றாள். பிறகு, "நீங்க போங்கக்கா" என்றாள்.

ஜெனோவா பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. வரப்புச் சாலையில் இறங்கி நடந்தாள். உச்சி வெயில் உப்பில் பட்டு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. பாத்தி பாத்தியாக, அம்பாரம் அம்பாரமாக, எல்லாம் வெள்ளை. வெகுதூரம் நடந்த பிறகு, சாலையில் இரண்டு ஆள் தெரிந்தது. அண்ணாச்சி தள்ளிப் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தார். குடை தரையில் கிடந்தது. பெலவேந்திரன் நின்றுகொண்டிருந்தார்.

எதிலும் சாய்ந்திருக்கவில்லை. எதிரில் டயர் இல்லை, சுவர் இல்லை, ஆள் இல்லை. இரண்டு பாதமும் மண்ணில் ஊன்றி, கை இரண்டையும் தொங்கவிட்டு, வெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்தால் இது போய்விடுமோ என்பது போல நின்றுகொண்டிருந்தார். அவள் கிட்டே வந்தபோது அவருடைய காலைப் பார்த்தாள், பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"முழுசும்?"

"முழுசும்."

"அவன் என்ன சொன்னான்?"

ஜெனோவா தரையில் கிடந்த குடையை எடுத்து அவர் தலைக்கு மேல் பிடித்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. நிற்க முடிந்த மனிதருக்கு நேரம் இருந்தது.

"ஒண்ணும் சொல்லலைங்க" என்றாள் கடைசியில். "பிள்ளையைத் தூக்கி வெளியே எடுத்தான்."